கதியாலும் தகரமும்

எங்கள் ஒழுங்கையில் ஒரு தகரம் இருக்கிறது. 2010இல் மீள்குடியேறியபோது அது ஒரு கொட்டிலின் கூரை. இந்திய வீட்டுத் திட்டத்தில் கல்வீடு எழும்பியதும் குசினிக்குச் சுவராயிற்று. குசினிக்கும் கல் வைத்த பிறகு முன் வேலிக்கு வந்தது. கீழ் விளிம்பைத் துரு தின்றதும் வெட்டிச் சுருக்கிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கினார்கள். இப்போது கிணற்றடிக்குப் பக்கத்தில், கூட்டெருக் கிடங்கின் ஒரு பக்கத்தை அணைத்துக்கொண்டு நிற்கிறது. எத்தனை இடம் மாறியது என்பதை அதன் ஆணித் துளைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கையில் கிடைத்ததை வைத்து வளவுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை, வன்னிக்கு வந்துபோகிறவர்கள் வாயாரப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ் எங்கள் சனத்துக்கு உரியதுதான். எல்லாம் இழந்து வந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டே பயிற்றங்கொடிக்குத் தடி ஊன்றியவர்களைக் கண்டவன் நான். ஆனால் அந்தப் புகழ்ச்சி இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. கிடைத்ததைக் கொண்டு செய்வது எங்களுக்குப் போருக்கு முன்பும் வழக்கம். அன்று கிடைத்தது வளவும் காடும் தந்த தடி, ஓலை, நார். இன்று கிடைப்பது போரும் லொறியும் விட்டுப்போன தகரம், ரயர், நைலோன். செய்கிற கை அதேதான். ஆனால் அந்தப் பொருள் உழைத்து முடிந்த பிறகு எங்கே போகிறது என்று பார்த்தால் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. அந்தத் தூரத்தை நாங்கள் பேசுவதில்லை.

கிளிநொச்சி 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கவென்று குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டினார்கள். நெல்லோடும் மாட்டோடும் வேலி கட்டும் கைப்பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். அந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பின்னாளில் சீமைக்கிளுவை என்று கதியால்களை நிரையாக நட்டு, குறுக்கே வரிச்சு பிடித்து, பனையோலையை அடுக்கி, ஒருவர் ஒழுங்கைப் பக்கம் நிற்க மற்றவர் வளவுக்குள் நிற்பார். குத்தூசியில் கயிறு கோத்து இந்தப் பக்கத்திலிருந்து குத்த, அந்தப் பக்கத்தில் நிற்பவர் கயிற்றைக் கழற்றி வரிச்சைச் சுற்றி மறுபடி ஊசிக் கண்ணில் மாட்டிவிட வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இழுவையை வைத்தே வேலை போகிறது. இழுவை தளர்ந்தால் அடுத்த காற்றுக்கு ஓலை பிய்ந்துவிடும்.

ஓலை உக்கி உதிர்ந்ததும் வேலியைப் பிரித்துத் தோட்டத்தில் தாழ்ப்பார்கள். கதியால்கள் தழைத்ததும் குழை வெட்டி அதையும் தாழ்ப்பார்கள், ஆட்டுக்கும் போடுவார்கள். எல்லை காத்த பொருளே எருவாகிவிடும். கறையான் மலிந்த எங்கள் மண்ணில் வெட்டி நட்ட காய்ந்த தூண் நாலைந்து மாரியைத் தாண்டுவது அரிது. வேர் பிடித்த கதியாலோ ஆண்டுக்கு ஆண்டு தடிக்கிறது. சீமைக்கிளுவையை 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து கடையில் யூரியா இல்லாமல் போனபோது, எங்கள் ஒழுங்கையில் கதியால் வேலி வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரரும் வேலியை மொட்டையாக வெட்டி மிளகாய்ப் பாத்திக்குத் தாழ்த்தினார்கள். தகர வேலிக்காரர் அவர்களிடம் குழை கேட்டுப் போனார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனம் வரவில்லை. பனை ஏறுவதும் ஓலை வெட்டுவதும் சாதியின் பெயரால் ஊரில் ஒரு சிலரின் தலையில் கட்டப்பட்ட வேலைகள். வேலி ‘சும்மா’ அடைபட்டது என்று நினைவுகூருகிறவர்கள் யாருடைய முதுகில் அது அடைபட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லைக் கதியால் ஆண்டுக்கு ஒரு விரல் நகர்ந்து, அண்ணன் தம்பி கோடேறிய கதைகளும் எங்களிடம் ஏராளம். இவற்றைவிடப் பெரிய குறை ஆள்பலம். ஓலை வேலி அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டியது, அதுவும் இரண்டு பேர் நின்று. கணவனையும் பெரிய பிள்ளைகளையும் பறிகொடுத்த பெண்கள் தனியே வளவு பார்க்கும் ஊரில், வேலியின் மறுபக்கத்தில் நின்று ஊசி வாங்க யார் இருக்கிறார்கள்? எறிகணை தலை கொய்த பனைகள் ஓலை தருவதில்லை. தகரம் எங்கள் வேலிகளுக்கு வந்தது ரசனைக் குறைவால் அல்ல. ஒருத்தி தனியாக, ஒரே நாளில் ஆணி அடித்து நிறுத்தக்கூடிய வேலி அது ஒன்றுதான். கட்டாக்காலி மாடுகளை அன்றிரவே அது மறித்தது. இதை நான் தகரத்தின் பக்கத்தில் முழு மனதோடு எழுதி வைக்கிறேன்.

ஆனால் அவசரத்துக்கு வந்தது அங்கேயே தங்கிவிட்டது. பங்குனி வெயிலில் தகர வேலியோரம் ஒரு முழத்துக்கு எதுவும் முளைக்காது. வெக்கை இலையைக் கருக்கிவிடும். துருவேறிய விளிம்பு பிள்ளைகளின் காலைக் கிழிக்கிறது. வேலிப் பொட்டு வைப்பதும் இலகுவல்ல. பக்கத்து வீட்டு அம்மா கறிவேப்பிலைக்கும் நெருப்புக்கும் வந்துபோன அந்தச் சின்ன இடைவெளி, ஓலை வேலியில் தானாகவே அமைந்துவிடும். தகரத்தில் அதற்கென்று வெட்ட வேண்டும், யாரும் வெட்டுவதில்லை.

அழகுக்கென்று வைப்பவற்றில் ரயர்தான் இன்று எங்கும் நிற்கிறது. பழைய ரயரை வெட்டி, உட்புறம் வெளியே வரப் பிரட்டி, அன்னம் போலக் கழுத்து வளைத்து, வெள்ளையும் சிவப்பும் பூசிப் பாடசாலை முன்றல்களில் வைக்கிறார்கள். பிள்ளைகள் அதைச் செய்யும்போது அவர்களின் முகத்தில் வரும் சந்தோசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரயரைப் பிரட்டுவதற்கு மூன்று பேர் ஒன்றாக மிதிக்க வேண்டும், அதுவே ஒரு விளையாட்டு. ஆனால் ரயரின் மடிப்புக்குள் தங்கும் தண்ணீர் எந்தப் பக்கம் சரித்தாலும் முழுதாக வெளியே வராது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏழு முதல் பத்து நாள் போதும். அதன் முட்டை மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017இல் இலங்கையில் 1,86,101 பேருக்கு டெங்கு பதிவானது. நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆகவே ரயரில் பூமரம் வைக்கிறவர் அடிப்பக்கத்தில் நாலு இடத்தில் துளை போட்டு, மடிப்பு முழுவதும் மண் இறுக்கி நிரப்ப வேண்டும். அரை மணி நேர வேலைதான். போட்டிக்கு நிறம் பூசுகிற அவசரத்தில் அதுதான் விடுபடுகிறது. வெடித்துப்போன அன்னத்தைக் கடைசியில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. வளவு மூலையில் போட்டு எரிக்கிறார்கள். அந்தக் கரும்புகையைச் சுவாசித்தவருக்கு, மண்சாடி உடைந்தால் அந்த ஓட்டுத்துண்டை அடுத்த சாடியின் அடியில் போடலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று விளங்கும்.

நைலோன் வலையும் அப்படித்தான். நாச்சிக்குடாப் பக்கம் கழித்துவிட்ட மீன்வலை பாகல் பந்தலுக்கு மலிவு. கொடி அதில் நன்றாகப் படர்கிறது, காய் நேராகத் தொங்குகிறது. அலம்பல் பந்தலைவிட இலகு என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் போன மாரியில் எங்கள் வலையின் அடி விளிம்பில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிக் கிடந்தது. திமிறத் திமிற நூல் செதிலுக்குள் இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுக்க ஒரு காலைப்பொழுது போயிற்று, பாம்பு பிழைக்கவில்லை. எலி பிடிக்கிற பாம்பை இழந்துவிட்டு எலிக்கு மருந்து வாங்கினோம். அதன் பிறகு வலையை நிலத்திலிருந்து இரண்டு முழம் உயர்த்திக் கட்டி, கீழே கொடி ஏறுவதற்குத் தடி ஊன்றுகிறோம்.

கோதுகளைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. எறிகணையின் வெற்றுக் கோதைப் பூச்சாடியாக வைத்த முற்றங்கள் இங்கே இருந்தன, மணியாகக் கட்டித் தொங்கவிட்ட இடங்களும் இருந்தன. கொல்ல வந்த இரும்பில் துளசி வளர்ப்பவரின் மனதை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது. கிளிநொச்சி நகரில் அரசு நிறுவிய நினைவுச்சின்னத்திலும் கொங்கிறீட் கட்டியைத் துளைத்து நிற்கும் எறிகணையும், வெடிப்பிலிருந்து எழும் தாமரையும் இருக்கின்றன. சுற்றிலும் புல் வெட்டிய தரை. அந்த எறிகணை வென்றவர்கள் சொல்லும் கதைக்கு அலங்காரம். முற்றத்துக் கோதுக்கு அப்படி ஒரு பேச்சும் இல்லை, தண்ணீர் ஊற்ற ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் மண்ணுக்குள் வெடிக்காதவை இன்னும் இருக்கிற மாவட்டத்தில், இரும்பைத் தோண்டி எடுத்து முற்றத்தில் வைக்கலாம் என்று பிள்ளைகள் பார்த்துப் பழகக் கூடாது. முகமாலையில் வெயிலில் குனிந்து கண்ணிவெடி அகற்றியவர்களில் பலர் எங்கள் ஊர்ப் பெண்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகவாவது இந்த ஒன்றைக் கைவிட வேண்டும்.

கருவிகளில் கதை வேறு. மீள்குடியேறிய நாட்களில் தொண்டு நிறுவனம் ஒன்று எங்கள் பகுதிக்கு மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, பூவாளி என்று ஒரே அச்சில் வார்த்த தொகுதிகளைக் கொடுத்தது. வெறுங்கையோடு நின்ற நேரத்தில் அது பெரிய உதவி. ஒரு வருடத்துக்குள் பாதிப் பிடிகள் உடைந்தன. எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் அக்கா ஒருவர் தன்னுடையதை எனக்குக் காட்டி, “இந்தப் பிடி என்ர கைக்கு இல்லைத் தம்பி. ஆம்பிளையளின்ர கைக்குச் செய்தது” என்றார். அவர் விடத்தல் தடி ஒன்று வெட்டுவித்து, பட்டை உரித்து நிழலில் காயவைத்து, போத்தல் ஓட்டால் வழித்து, தன் கைப்பிடிக்குள் அடங்கும்வரை மெலிய வைத்தார். பிறகு கொல்லரிடம் கொண்டுபோய் இலையின் வளைவைக் கொஞ்சம் உள்ளே தட்டுவித்தார். அவர் குட்டையானவர். கொடுத்த வளைவில் வெட்டினால் நடு முதுகு விட்டுப்போகும். அந்த மண்வெட்டி இன்றும் மண்ணுக்குப் போகிறது.

பழைய பொருள், புதிய பொருள் என்ற கணக்கைவிட இந்த மண்வெட்டி எனக்கு நல்ல அளவுகோலாகத் தெரிகிறது. இரும்பு வெளியிலிருந்து வந்தது, பிடி காட்டிலிருந்து வந்தது. பாவிக்கிறவரே திருத்தக்கூடியதாக அது இருக்கிறது. புல் செருக்கும் உழவாரமும் இப்படிப்பட்டதுதான். அப்பர் சுவாமிகள் கையில் அதைக் கண்டு கும்பிடுகிறோம், ஆனால் தட்டிக் கொடுக்கும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொல்லர் இல்லாத ஊரில் எல்லாருடைய முதுகும் கடைக் கருவியின் அளவுக்கு வளைய வேண்டியதுதான்.

இப்போது கையில் காசு சேர்ந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து காசு வருகிறவர்களும் மதில் கட்டுகிறார்கள். பாதுகாப்பு, நிரந்தரம், எல்லைச் சண்டை ஓய்வு என்று காரணங்கள் உண்டு. அவை மெய்தான். ஆனால் ஒவ்வொரு சீமெந்துக் கல்லுக்கும் மணல் வேண்டும். கனகராயன் ஆற்றங்கரையில் மணல் அள்ளிய பள்ளங்களைப் பார்த்தவர்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. தோட்டத்தின் சுவருக்காகத் தோட்டத்தின் தண்ணீரைச் செலவழிக்கிறோம். முன்பக்கம் மதில் கட்டுகிறவரும் மற்ற மூன்று பக்கத்தையும் கதியாலுக்கு விடலாமே என்று நான் கேட்டுப் பார்க்கிறேன். சிலர் விட்டிருக்கிறார்கள்.

அக்காவின் பின்வளவு எல்லையை இந்த முறை அப்படித்தான் மாற்றுகிறோம். ஓலை வேண்டாம் என்று முதலே முடிவெடுத்தோம், அவரால் அதை அடைத்துக் கட்ட முடியாது. சீமைக்கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நட்டுவிட்டால் குழை வெட்டும் கத்தி ஒன்றே பிறகு போதும். ஐப்பசி மழைக்கு முன் ஆறடித் தடிகளாக வெட்டி, பூவரச நிழலில் நிமிர்த்திச் சாத்தி வைத்திருக்கிறேன். துளிர் விட்டதும் ஆடுகள் வந்து நுனியைக் கடித்துவிடும் என்பதால், கூட்டெருக் கிடங்கில் நிற்கும் அந்தப் பழைய தகரத்தையும் வேறு நாலு தகரத்தையும் வெளிப்பக்கமாக இரண்டு மாரிக்கு நிறுத்தி வைக்கப் போகிறோம்.