உமியும் எரிசாராயமும்

ஆரணி என்றவுடன் பட்டுப்புடவையையே நினைப்பவர்கள், அவ்வூரின் மற்றொரு கீர்த்தியாகிய அரிசியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். நெசவுத் தெருக்களில் தறியோசை கேட்கும் அதே ஊரில், சுற்றுவட்டாரத்து நெல்லை வாங்கி, அவித்து, உலர்த்தி, அரைத்து, மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்கு அனுப்பும் ஆலைகளும் இருக்கின்றன. ஒரு டன் நெல் அரைபட்டால் ஏறக்குறைய 200 கிலோ உமி மிஞ்சுகிறது. அவ்வுமியை வாயுவாக மாற்றி, அவ்வாயுவைப் பாக்டீரியாக்களுக்கு ஆகாரமாக ஊட்டி, மோட்டாருக்கு ஏற்ற எரிசாராயத்தை வடித்தெடுக்கலாமே என்று ஒருவர் சொன்னால், கேட்ட மாத்திரத்தில் அது மிகச் சிலாக்கியமான யோசனையாகவே தோன்றும். அதன் குணதோஷங்களைச் சற்று நிதானமாக ஆராய்வது உசிதம்.

உமி, வைக்கோல், குப்பை முதலியவற்றை, முற்றும் எரிந்து தீர்வதற்குப் போதாத அளவு பிராணவாயுவை மட்டும் விட்டு, 800 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் வாட்டினால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் பிரதானமாக அமைந்த தொகுப்பு வாயு உண்டாகிறது. மனிதனுக்குப் பரம விஷமான அந்தக் கார்பன் மோனாக்சைடையே தின்று, எரிசாராயமாகிய எத்தனாலை வெளியிடும் கிளாஸ்ட்ரிடியம் இனத்துப் பாக்டீரியா ஒன்றை, அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் காடி குழுவினர் 1980-களின் பிற்பகுதியில் கோழிக் கழிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். முயற்புழுக்கையில் அகப்பட்ட அதன் உறவினம் ஒன்றைக் கொண்டு, நியூஸிலாந்தில் 2005-இல் தோன்றிய லான்ஸாடெக் ஸ்தாபனம் தன் தொழிலை வளர்த்து, 2018-இல் சீனத்து இரும்பாலை ஒன்றின் வாயுவிலிருந்து வர்த்தக ரீதியாகவே எத்தனால் எடுத்துக் காட்டியது.

இம்முறையின் மேன்மைகள் அற்பமானவை அல்ல. இதே வாயுவிலிருந்து எரிபொருள் செய்ய ஜெர்மானியர் 1920-களிலேயே பிஷர்-டிராப்ஷ் முறையைக் கண்டார்கள் எனினும், அதற்கு 200 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமும், கடும் அழுத்தமும், இரண்டு வாயுக்களுக்கும் இடையே ஒரு திட்டமான விகிதமும், கந்தகம் அறவே கலவாத தூய்மையும் வேண்டும். பாக்டீரியாவோ நம் உடம்பின் உஷ்ணத்திலேயே வேலை செய்து, விகிதம் பிசகினாலும் சமாளித்து, ஓரளவு கந்தகத்தையும் பொறுத்துக்கொள்கிறது. ஈஸ்டினால் தொடமுடியாத மரச்சத்தாகிய லிக்னினும் வாயுவாகிப் பயன்படுகிறது. இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியை எத்தனாலாக்க 2020-இல் அனுமதி தந்த நாட்டில், சோற்றை விட்டு உமியைத் தேடுவது தர்மம் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதமில்லை.

எனினும், தோஷங்களும் அந்த ஜீவனின் சுபாவத்தோடு பின்னிக் கிடக்கின்றன. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. சாதாரண அழுத்தத்தில் லிட்டருக்கு 30 மில்லிகிராம்கூடத் தேறாது. ஆகையால் வாயு ஏராளமாகக் குமிழியிட்டுச் செல்லும்போதே, பரிமாறுவார் வராத பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவனைப் போலப் பாக்டீரியா பசித்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு மட்டுமே கிடைத்தால், ஆறு கார்பன் அணுக்களில் இரண்டே எத்தனாலில் சேர, நான்கு கரியமில வாயுவாகப் போய்விடும். சம பங்கு ஹைட்ரஜன் கூடினால்தான் மூன்றில் இரண்டு தங்கும். கிடைப்பதும் நீர்த்த சாராயமே. அதைக் காய்ச்சி வடிக்கப் பெரும் உஷ்ணம் செலவாகிறது. வாயுவின் தூய்மையும் லேசான விஷயமன்று: புளோரிடாவின் வீரோ பீச்சில் 2013-இல் உற்பத்தி தொடங்கிய ஐனியோஸ் பயோ ஆலையில், தாவரக் கழிவின் வாயுவோடு வந்த ஹைட்ரஜன் சயனைடு பாக்டீரியாக்களை நலிவித்தது; அந்த ஆலை தன் முழு உற்பத்தியை எட்டாமலே மூடப்பட்டது.

நம் நாட்டில் இம்முறைக்குச் சரியான உதாரணம் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை. அங்கே ஹைட்ரஜன் தயாரிப்பில் மிஞ்சும் வாயுவிலிருந்து நாளொன்றுக்கு 1,28,000 லிட்டர் எத்தனால் எடுக்கத்தக்க கூடம், லான்ஸாடெக் முறையில் நிறுவப்பட்டது. வாயு ஆலையிலேயே பிறப்பதால், அதை உண்டாக்கும் செலவு இல்லை. ஆனால், இத்தகைய மிச்ச வாயு வழக்கமாக அதே ஹைட்ரஜன் உலையை எரிக்கவே பயன்படுவது. அதைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிட்டால், உலைக்கு வேறு எரிபொருள் வாங்கியாக வேண்டும். விளம்பரங்களில் இந்தக் கணக்கு அரிதாகவே தலைகாட்டுகிறது.

ஆரணி உமியின் கதையும் இதுவே. புழுங்கலரிசி ஆலைகளில் நெல்லை அவிக்கும் நீராவிக்குப் பாய்லரில் எரிவது பெரும்பாலும் உமிதான். எனவே அதைக் கேட்பாரற்ற கழிவென்று கருதுவது நியாயமாகாது. ஒரு டன் உமிக்கு 250 லிட்டர் எத்தனால் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், பானிபட் அளவில் ஓர் ஆலை நடத்த நாள்தோறும் 500 டன்னுக்கு மேல் உமியும், அதற்காக 2,500 டன்னுக்கு மேல் நெல்லும் வேண்டும். சிறிதாக நடத்துவோமெனில், காற்றை ஊதி இயங்கும் சிறு வாயுக் கலங்களின் வாயுவில் ஏறத்தாழப் பாதி, பாக்டீரியாவுக்குப் பிரயோஜனமற்ற நைட்ரஜன். அதைத் தவிர்க்கத் தனிப் பிராணவாயு தயாரிக்கும் செலவைச் சிற்றாலை தாங்காது. போதாக்குறைக்கு, உமியின் எடையில் சுமார் ஐந்திலொரு பங்கு மணற்சத்து மிகுந்த சாம்பல்.

தமிழ்நாட்டில் இம்முறையைப் பரீட்சிக்க வேண்டுமானால், சென்னை மணலியில் ஹைட்ரஜன் தயாரிக்கும் சுத்திகரிப்பு ஆலையே தகுந்த இடம். அங்கும் உலைக்கு மாற்றாக வாங்கும் எரிபொருளின் கணக்கை எத்தனால் கணக்கோடு சேர்த்தே வெளியிடவேண்டும். ஆரணியில், உமி இன்னும் சில காலம் நெல்லையே அவிக்கட்டும்.