குடிவந்த பிறகு முளைக்கும் பார்க்கிங் கட்டணம்

கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அதற்கு வெகு முன்பே தர்காவும் மாதா கோயிலும் அலைச்சறுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக் கார்களை இ.சி.ஆர். வழியாக இழுத்து வந்துகொண்டிருந்தன. மீனவர் ஊராக வளர்ந்த இடம். உள்தெருக்கள் கார்களை நினைத்துப் போடப்பட்டவை அல்ல. விடுமுறை நாளில் தெருவோரம் வண்டி நிறுத்த முடியாது. ஆகவே காம்பவுண்டுக்குள் ஒரு கார் நிற்கும் அளவு இடம் இருந்தால், இங்கே அதற்குத் தனி மதிப்பு உண்டு. சிறுசேரி சிப்காட்டில் வேலை, கேளம்பாக்கம் சாலையில் உப்பங்கழியைத் தாண்டினால் கடல் என்று கணக்குப் போட்டுக் குடிவருகிறவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பதே அதைத்தான்.

புரோக்கர் கேட்டைத் திறந்துவிட்டு, “வண்டிய உள்ளேயே விட்டுக்கலாம் சார்” என்கிறார். அட்வான்ஸ் கைமாறுகிறது. பதினோரு மாத அக்ரிமென்டில் வாடகை இருக்கிறது, மெயின்டனன்ஸ் இருக்கிறது, சுவரில் ஆணி அடிப்பது பற்றிக்கூட ஒரு வரி இருக்கிறது. பார்க்கிங் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாமான் இறக்கி, பால் காய்ச்சி, முதல் மாத வாடகையும் கொடுத்த பிறகு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: கார் நிறுத்துவதற்கு மாதம் தனியாக இவ்வளவு. கேட்பவர் சில வீடுகளில் ஓனர், சில இடங்களில் அசோசியேஷன். இன்னும் சில இடங்களில் பேச்சே கிடையாது. கண்ணாடியில் ஸ்டிக்கர், சக்கரத்தில் பூட்டு, அபராதம். தாம்பரம், மேடவாக்கம், கேளம்பாக்கம் என்று தென்சென்னைப் புறநகர் எங்கும் தொகைதான் மாறுகிறது, நடப்பு மாறுவதில்லை. இந்தக் காசைக் கட்ட வேண்டுமா?

வாடகைதாரர் பக்கம் சாய்வதற்கு முன், கட்டணம் கேட்பவரின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005-ல் வெளியிட்ட பெரிய நூல் ஒன்றில் இதைத்தான் சொன்னார்: இலவசப் பார்க்கிங் என்று ஒன்று கிடையாது, அதன் விலை வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது, கார் இல்லாதவரும் அதைச் சுமக்கிறார். இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகத்தான் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. 2025 முதல், குறிப்பிட்ட சில மாவட்டங்களில், 16 வீடுகளும் அதற்கு மேலும் கொண்ட புதிய கட்டடங்களில் பார்க்கிங்கை வாடகையிலிருந்து பிரித்துத் தனி விலையாகவே காட்ட வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. கோவளத்திலிருந்து பஸ் பிடித்துத் திருவான்மியூருக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண், பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குத் தன் வாடகையில் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்? தனியாக வசூலிப்பது என்பதாலேயே ஒரு பார்க்கிங் கட்டணம் அநியாயமாகிவிடாது. வாடகைதாரர் தரப்பில் பலர் இந்த இடத்தில்தான் கோபத்தில் சறுக்குகிறார்கள்.

ஆனால் ஷூப்பின் வாதம் எதன் மேல் நிற்கிறது? விலை முன்கூட்டியே தெரிந்தால் மனிதர் தேர்ந்துகொள்ள முடியும் என்பதன் மேல். இந்த இடம் எனக்கு வேண்டாம், வாடகையைக் குறையுங்கள் என்று சொல்லலாம்; வேறு வீடு பார்க்கலாம். லாரிக்கும் புரோக்கருக்கும் கொடுத்தாகிவிட்டது, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது என்ற நிலையில் வரும் கட்டணத்துக்கு அந்தத் தேர்வு இல்லை. தர மறுத்தால் காரைத் தெருவில் விட வேண்டும், இல்லையென்றால் வீட்டையே விட வேண்டும். பயன்படுத்துகிறவர் விலை கொடுக்கட்டும் என்ற நியாயத்தை இங்கே இரவல் வாங்க முடியாது.

முதலில் ஓனர் கேட்கும் கட்டணம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 8, ஒரு வீட்டைக் கைமாற்றும்போது எதெல்லாம் கூடவே போகும் என்று சொல்கிறது. வேறு எண்ணம் வெளிப்படாத வரை, வீட்டோடு சேர்ந்த வழியுரிமை போன்றவையும், பூட்டு, சாவி, கதவு, சன்னல் முதலாக அந்த வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்கென்று வைத்த எல்லாமும் போகும். கார் ஷெட்டும் போர்டிகோவும் இந்தக் கடைசி வகையில் அடங்கும் என்று வாதிட இடமிருக்கிறது. அடுத்தது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் பிரிவு 25-இன்படி, சில விதிவிலக்குகள் தவிர, பிரதிபலன் இல்லாத உடன்பாடு செல்லாது. முதல் நாளே கொடுத்துவிட்ட இடத்துக்கு மூன்றாம் வாரத்தில் புதுக் காசு கேட்கும் ஓனர், அந்தக் காசுக்கு ஈடாகப் புதிதாக என்ன தருகிறார்? என் கணிப்பில் வாடகைதாரரின் மிக வலுவான வாதம் இதுதான்.

“அக்ரிமென்டில் பார்க்கிங் தருகிறேன் என்று எழுதவில்லையே” என்பார் ஓனர். அந்த மௌனம் இரண்டு பக்கமும் வெட்டும். கட்டணம் உண்டு என்றும் அதில் எழுதவில்லை. எழுத்தில் உள்ளதற்கு மாறாக வாய்ப்பேச்சைச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. ஆனால் எழுத்து எதுவும் சொல்லாத விஷயத்தில், எழுதியதோடு முரண்படாத தனி வாய்மொழி உடன்பாட்டை நிரூபிக்க அதே விதி வழிவிடுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது தொடர்கிறது. ஆகவே “கார் பார்க்கிங் உண்டு” என்று வந்த வீட்டு விளம்பரம், புரோக்கர் அனுப்பிய குறுஞ்செய்தி, வண்டி உள்ளே நின்ற முதல் நாள் படம் எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. அழித்துவிடாதீர்கள்.

இங்கே வாடகைதாரருக்குப் பிடிக்காத ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்பு ஒப்பந்தக் காலம் முடியும் வரைதான். அக்ரிமென்டே இல்லாமல் மாதவாடகைக்கு இருப்பவரை, சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 106-இன்படி பதினைந்து நாள் நோட்டீசில் காலி செய்யச் சொல்லலாம். பதினோரு மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது, இனிமேல் பார்க்கிங்குக்குத் தனிக்காசு என்று ஓனர் நிபந்தனை வைத்தால் அது அவர் உரிமை. வாடகைதாரர் சட்டப்படி வெல்லக்கூடியது இந்தப் பதினோரு மாதங்களை மட்டுமே. சின்ன வெற்றிதான். ஆனால் அதற்குள் யோசிக்கவும், வேறு வீடு பார்க்கவும், பேரம் பேசவும் அவகாசம் கிடைக்கிறது. பறிக்கப்பட்டிருந்த அந்தத் தேர்வு திரும்ப வருகிறது.

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கென்றே 2017-ல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அதிகார அமைப்பில் பதிவு கட்டாயம், அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக்கூடாது என்பவை அதன் முக்கியக் கூறுகள். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், அத்தியாவசியச் சேவைகளின் பட்டியலில் தண்ணீர், மின்சாரத்தோடு பார்க்கிங்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தாம்பரம் மாநகராட்சிக்குள் இருப்பவர் பதிவு செய்த ஒப்பந்தத்தோடு வாடகை அதிகாரியிடம் போகலாம். கோவளம் ஊராட்சி. அங்கே குடியிருப்பவர் இந்த ஒரு சட்டத்தை மட்டும் நம்பிக் களத்தில் இறங்க வேண்டாம். மேலே சொன்ன இரண்டு பழைய சட்டங்கள் ஊராட்சியா மாநகராட்சியா என்று பார்ப்பதில்லை. தன் வழக்கை அவற்றின் மேல் கட்டுவதே அவருக்குப் பத்திரம்.

அசோசியேஷன் கேட்கும் கட்டணம் வேறு ரகம். வாடகைதாரருக்கும் சங்கத்துக்கும் நேரடி ஒப்பந்தமே இல்லை. சங்கம் எந்த உரிமையில் கேட்கிறது? இந்த இடம் எங்களுடையது என்ற உரிமையில். அந்த உரிமையின் அளவைப் பார்க்க, 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன நஹல்சந்த் லாலூசந்த் எதிர் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தீர்ப்புக்குப் போக வேண்டும். மும்பையில் ஒரு கட்டடத்தின் ஸ்டில்ட் பார்க்கிங் இடங்களைத் தனியாக விற்கும் உரிமை தனக்கு உண்டு என்றது கட்டுமான நிறுவனம். நீதிபதி ஆர்.எம். லோதா எழுதிய தீர்ப்பு அதை மறுத்தது. தூண்களுக்கு நடுவே கார் நிற்கும் இடம் தனியே விற்கக்கூடிய ஃபிளாட்டும் அல்ல, கேரேஜும் அல்ல. அது அங்கே வீடு வாங்கியவர்களின் பொது இடம்.

தீர்ப்பு மகாராஷ்டிரச் சட்டத்தின் சொற்களை வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே தூக்கிக் கோவளத்தில் வைத்துவிட முடியாது. ஆனாலும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதி என்று நாடு முழுமைக்குமாகச் சொல்லிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பார்க்கிங்குக்காக விடும் ஸ்டில்ட் தளம் எஃப்.எஸ்.ஐ. எனும் கட்டடப் பரப்பளவுக் கணக்கில் சேர்வதில்லை. குடியிருப்பவர்களின் வண்டி தெருவை அடைக்காமல் உள்ளே நிற்கட்டும் என்று அரசு தந்த சலுகை அது. அந்தச் சலுகையில் எழுந்த தளத்தில், அங்கே குடியிருப்பவரையே வெளியாளாக்கிக் காசு வாங்குவது சலுகையின் நோக்கத்தையே தலைகீழாக்குகிறது. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதித்த வரைபடத்தில் எந்த இடம் யாருக்கு என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

பொது இடம் என்பதாலேயே ஆளுக்கு ஆள் விருப்பம்போல் நிறுத்தலாம் என்றும் ஆகாது. ஒழுங்கு செய்யும் அதிகாரம் சங்கத்துக்கு வேண்டும். ஓனருக்கு ஒதுக்கிய ஒரு இடம் இருக்க, வாடகைதாரர் இரண்டாவது காரைக் கொண்டுவந்து விருந்தாளிகளுக்கான இடத்தில் நிரந்தரமாக விட்டால், சங்கம் கட்டணம் கேட்பது முறை. அதில் வாடகைதாரர் பக்கம் நிற்க மாட்டேன். ஆனால் ஓனர் குடியிருந்தபோது கட்டணமே இல்லாத அதே இடத்துக்கு, குடியிருப்பவர் வாடகைக்கு வந்தவர் என்பதற்காக மட்டும் காசு கேட்டால், அது பார்க்கிங் கட்டணமே அல்ல. வாடகைதாரர் மேல் போடும் வரி. மகாராஷ்டிரத்தில் ஓனர் குடியிருக்காத வீட்டுக்குச் சங்கங்கள் இப்படிக் கூடுதலாகக் கறந்தபோது, 2001 ஆகஸ்டில் மாநில அரசு அதற்குச் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2007-ல் அதை உறுதி செய்தது. அதுவும் ஓனர் கணக்கில் வரும் கட்டணம்.

ஸ்டிக்கர், அபராதம், பூட்டு விஷயத்தில் பிரிட்டன் நிறையப் பட்டுத் தெளிந்திருக்கிறது. தனியார் பார்க்கிங் அபராதம் செல்லும் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2015-ல் ‘பார்க்கிங்ஐ’ நிறுவனம் எதிர் பீவிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு மணி நேர இலவச அனுமதியை 56 நிமிடம் மீறியதற்கு 85 பவுண்டு. இங்குள்ள சங்கங்கள் இதை எடுத்துக்காட்டக்கூடும். ஆனால் அது கடைகளுக்கான வளாகம். உள்ளே நுழையும்போதே பெரிய எழுத்தில், பல இடங்களில், தொகை எழுதியிருந்தது. குடியிருப்பு வளாகத்தில் நடந்தது வேறு. வாசலருகே காரை நிறுத்திச் சாமான் இறக்கிய குடியிருப்புவாசி ஒருவருக்கு வந்த அபராதத்தை, 2016-ல் ஆக்ஸ்போர்டு கவுன்டி நீதிமன்றம் மேல்முறையீட்டில் ரத்து செய்தது. குத்தகை தந்த உரிமையை, பிறகு நட்ட ஒரு பலகையால் நிர்வாகம் ஒருதலையாகச் சுருக்க முடியாது என்பது அதன் சாரம். சக்கரப் பூட்டின் கதை இன்னும் தெளிவு. காசு கொடுத்தால்தான் அவிழ்ப்போம் என்று தனியார் பூட்டுவதை ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1992-லேயே குற்றம் என்றது; இங்கிலாந்தும் வேல்ஸும் 2012 அக்டோபரில் சட்டத்தால் தடுத்தன. வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. அவற்றின் காரணம் இங்கும் செல்லும்: ஒப்புக்கொள்ளாத ஒருவர்மேல் அபராதம் போட அரசுக்கு அதிகாரம் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களின் குழுவுக்குக் கிடையாது.

இந்தக் கட்டணத்தை எதிர்ப்பவர் செய்யக்கூடாத ஒன்று உண்டு: கோபத்தில் வாடகையை நிறுத்துவது, அல்லது அந்தத் தொகையை வாடகையில் கழிப்பது. அடுத்த நாளே வழக்கு திசைமாறும். பாக்கிதாரர் என்ற பட்டம் உங்களுக்கு வந்துவிடும். வாடகையைத் தேதி தவறாமல் வங்கி வழியாகக் கொடுங்கள். எந்தத் தீர்மானத்தின்படி, எந்தத் தேதியிலிருந்து, யாருக்குச் சொந்தமான இடத்துக்கு இந்தக் கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தைகளோடு இருக்கிறோம், தினம் வாட்ச்மேனோடு சண்டை வேண்டாம் என்று தோன்றினால், ஆட்சேபத்தோடு கொடுப்பதாக எழுதிவிட்டுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்; உரிமை போய்விடாது. சங்கம் கேட்டால் ஓனரை நடுவில் இழுங்கள். உங்களுக்கு வீட்டை நிம்மதியாக அனுபவிக்க விடும் கடமை சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 108-இன்படி அவருடையது. பேச்சு முறிந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சமரசத்துக்கு அழைக்கும்; 15100 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

என் தீர்ப்பு இது. குடிவருமுன் சொல்லி, எழுதி, அந்த இடத்தைக் கொடுக்க உரிமை உள்ளவர் கேட்கும் பார்க்கிங் கட்டணம் எவ்வளவு கசந்தாலும் கட்ட வேண்டியது. குடிவந்த பிறகு முளைத்த கட்டணம், ஒப்பந்தக் காலம் முடியும் வரை, ஓனர் கேட்டாலும் சங்கம் கேட்டாலும் கட்ட வேண்டியதில்லை. மகாராஷ்டிரம் 2001-ல் வைத்ததைப் போன்ற ஓர் உச்சவரம்பைத் தமிழ்நாடு அரசும் வைக்க வேண்டும். ஊராட்சிப் பகுதிகளையும் விடாமல். வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், “இன்ன எண் கார் பார்க்கிங் வாடகையில் அடக்கம்” என்ற ஒரு வரியை அக்ரிமென்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.