தோட்டம் வெற்று நிலமா? நெகிரி செம்பிலான் நகரமைப்புத் திட்டங்கள் குறித்த ஒரு திறனாய்வு

மலேசியத் தமிழ்த் திறனாய்வில் தோட்டம் என்றதும் நாம் புனைகதையையே நாடுகிறோம். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தொடங்கி இந்நாட்டு எழுத்தாளர்களின் சிறுகதைகள் வரை, பால்மரமும் லயமும் இடப்பெயர்வும் ஆய்வேடுகளுக்குப் பொருளாகி வந்துள்ளன. ஒரு தோட்டம் எந்த ஆண்டோடு தோட்டமாக இருப்பது நின்றுபோகும் என்பதை முடிவு செய்யும் பனுவல்களோ வேறு வகையின. சட்டப் பிரிவுகள், அமைப்புத் திட்டங்கள், வண்ணம் தீட்டிய நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் ஆகியவை அவை. இவற்றைத் தமிழ்த் துறையினர் வாசிக்கும் வழக்கம் இல்லை. நெகிரி செம்பிலானை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வாசிப்பைத் தொடங்கிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிரம்பானுக்கு வடக்கே நீலாய் வரையிலான நிலப்பகுதி, நகர்ப் பரவல் என்று நகரமைப்பியலார் குறிப்பிடும் நிகழ்வுக்குத் தெளிவான சான்று. கோலாலம்பூர் - சிரம்பான் நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. 1995இல் கொமுட்டர் இரயில் சேவை தொடங்கியது. 1998இல் அண்டையிலுள்ள சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. கல்லூரிகளும் தொழிற்பேட்டைகளும் தாமான்களும் நீலாயைச் சூழ்ந்தன. ஒரு நகரம் தன் விளிம்பிலிருந்து சிறிது சிறிதாக விரிவதை நாம் இயல்பாகக் கருதுவோம். இங்கு நடந்தது அவ்வாறன்று. சிரம்பானின் விளிம்பைத் தாண்டி வளர்ச்சி குதித்துச் சென்றது. இடையில் செம்பனையும் இரப்பரும் நின்றன. அதற்கப்பால் வீடுகள் முளைத்தன. பின்னர் இடைவெளிகளும் ஆங்காங்கே நிரம்பின.

ஏன் குதித்தது? மக்கள்தொகைப் பெருக்கம் என்பது வழக்கமான விடை. அது போதாது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 12 இலட்சம். இந்த அளவு மக்களை நெருக்கமான நகரங்களில் குடியமர்த்த இயலாது என்று எவரும் வாதிட முடியாது. விடை நில உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது. உள்மாவட்டங்களான கோலப் பிலா, ரெம்பாவ், ஜெலுபு, தம்பின் ஆகியவற்றில் அடாட் பெர்பாத்தே வழிவந்த மரபு நிலங்களை 1909ஆம் ஆண்டின் மரபு நில உரிமைச் சட்டம் காக்கிறது. அவை குலப் பெண்களின் வழியே செல்வன, வெளியார்க்கு விற்கப்படாதன. மலாய் ஒதுக்கீட்டு நிலங்களுக்கு 1913ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உண்டு. சிறுதோட்ட நிலங்களோ பல உடைமையாளரிடம் சிதறிக் கிடப்பவை. வீடமைப்பு நிறுவனத்துக்கு எளிதாகக் கிட்டுவது பெருந்தோட்டம் ஒன்றே: பரந்த பரப்பு, ஒரே உடைமையாளர், ஒரு கையொப்பம். எனவே நகரம் எத்திசையில் வளரவேண்டும் என்பதைத் திட்டத்தைவிட உரிமைப் பத்திரத்தின் அளவே பெரிதும் தீர்மானித்தது எனலாம்.

இதனைத் திட்டமிடுவோர் அறியாதவர் அல்லர். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், மாநிலத்துக்கு அமைப்புத் திட்டத்தையும் மாவட்டங்களுக்கு வட்டாரத் திட்டத்தையும் கோருகிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தேசிய அளவிலான நிலத் திட்டமும் சேர்ந்தது. முதல் திட்டம் 2005இல் வந்தது, அதன்பின் மேலும் மூன்று வந்துள்ளன. நெருக்கமான நகரம், விளைநிலக் காப்பு, பொதுப் போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சி என இவை கூறும் கொள்கைகளில் குறைகாண ஏதுமில்லை. கொள்கைக்கும் வரைபடத்துக்கும் இடையில்தான் சிக்கல் தொடங்குகிறது. தோட்டம் வரைபடத்தில் ‘விவசாயம்’ என்னும் வண்ணம் பெறுகிறது. அவ்வண்ணம் காக்கப்படவேண்டிய நிலத்தைக் குறிக்கிறதா, இன்னும் முறை வராத நிலத்தைக் குறிக்கிறதா என்பதை வரைபடத்தைப் பார்த்து அறிய இயலாது. தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்கீழ் உடைமையாளர் விண்ணப்பித்தால், மாநில அரசு விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றலாம். அம்மாற்றத்துக்குக் கட்டணம் பெறும். நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநிலத்தின் சொந்த வருவாயில் நிலம் முதன்மையானது. பரவலைத் தடுக்கவேண்டிய கையும் பரவலால் வருவாய் பெறும் கையும் ஒன்றே என்பதைத் திட்ட ஆவணங்கள் பேசுவதில்லை.

உடைமையாளர் தரப்பிலும் இத்தகைய ஒருமை உண்டு. 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்று பெருந்தோட்டக் குழுமங்கள் இணைந்தன. இணைந்த குழுமம் 2017இல் மூன்றாகப் பிரிந்தபோது தோட்டத் துறைக்கு ஒரு நிறுவனமும் சொத்து மேம்பாட்டுக்கு மற்றொரு நிறுவனமும் அமைந்தன. செம்பனை நடும் துறையும் வீடு கட்டும் துறையும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலத்தில், விளைநிலம் என்பது எதிர்கால மனைகளின் இருப்பாகவும் இருந்தது. 1950களின் துண்டாடலை எதிர்த்துத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் நிலச் சட்டத்தில் 214அ பிரிவு சேர்ந்து, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை என்றாயிற்று. அது கைமாற்றத்தை நோக்கி எழுதப்பட்ட காவல். நிலத்தின் பயன்மாற்றம் வேறு பிரிவின் வழியே நடப்பது.

மலேசியா விஷன் வேலி 2.0 என்னும் திட்டம் இங்கு தனிக் கவனம் பெறத்தக்கது. 2018இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின் பரப்பு 153,411 ஹெக்டேர்; சிரம்பான், போர்ட்டிக்சன் ஆகிய இரு மாவட்டங்களை அது தழுவுகிறது. சிங்கப்பூரைப் போல் இருமடங்கு. மாநில நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இப்பரப்பு முழுவதும் கட்டடமாகப் போவதில்லை, இருக்கும் நகரங்களும் காடுகளும் இதனுள் அடங்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எனினும் மாவட்டங்களின் அளவுக்கே விரிந்த எல்லைக்கோடு எதைக் கட்டுப்படுத்தும்? ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் 1979 முதல் நடைமுறையிலுள்ள நகர வளர்ச்சி எல்லை, இருபது ஆண்டுத் தேவைக்கான நிலத்தை மட்டும் உள்ளே வைத்து, அப்பால் உள்ளதை விளைநிலம் என உறுதி செய்கிறது. எல்லை என்னும் சொல்லுக்கு அங்கே பொருள் உண்டு. தமிழ்நாட்டிலும் நாம் பெருமைப்பட இடமில்லை. சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது.

லாபு இன்னொரு பாடம். 2009 சனவரியில் அங்குத் தோட்ட நிலத்தில் புதிய விமான நிலையம் அமைக்கும் முன்மொழிவு வந்து, அம்மாதமே கைவிடப்பட்டது. அடுத்து, கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக இரயிலின் சிரம்பான் நிலையத்துக்கு லாபு குறிக்கப்பட்டது. அத்திட்டம் முடிவுக்கு வந்ததாக 2021 சனவரி 1 அன்று அறிவிக்கப்பட்டது. ஆனால் லாபுவிலும் அடுத்துள்ள தீரோயிலும் கொமுட்டர் நிலையங்கள் முன்னரே இருக்கின்றன. வாராத இரயிலுக்கு நகரம் வரைந்த கை, வந்துகொண்டிருக்கும் இரயிலைச் சுற்றி ஊர் அமைக்க ஏன் தயங்கிற்று என்னும் வினா எழுகிறது. நிலையத்தைச் சுற்றி நடைதொலைவில் வீடுகளை அடர்த்தியாக அமைப்பதற்குப் பெரிய அறிவிப்பு விழா எதுவும் தேவைப்படாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி, இந்நிலத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றி. 172ஆம் சட்டத்தின் 21(6) பிரிவு, வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் கட்டட விண்ணப்பம் வந்தால் அண்டை நிலத்தின் உடைமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும் என்கிறது. உடைமையாளர் என்பதே சொல், குடியிருப்போர் அன்று. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த குடும்பம் இப்பிரிவின் கண்ணுக்குத் தெரியாது. அதன் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் வீடும் முடியும். மரபு நிலத்துக் குடிகளும் தோட்டத்துக் குடிகளும் தலைமுறைகளாய் ஒரே மாநிலத்தில் வாழ்ந்தவர்களே. முன்னவர்க்குச் சட்டம் வேலியாயிற்று. அது தகும். பின்னவர்க்கு அத்தகைய வேலி எழவில்லை. அந்த வேலியின்மையே நகர்ப் பரவலுக்குத் திறந்த வாயிலாகவும் ஆயிற்று. தோட்டக் குடிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் கட்டுப்பாடற்ற நகர்ப் பரவலும் இரு வேறு சிக்கல்கள் என எண்ணி நாம் எழுதி வந்துள்ளோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

இங்குப் பழம்பெருமையை இழுத்து வருவோர் உண்டு. புகாரின் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் தமிழரின் நகரமைப்பு அறிவுக்குச் சான்று என்று எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டாயிற்று. நல்லதே. செனவாங்கிலோ நீலாயிலோ மலிவுவிலை அடுக்குமாடியில் குடியேறிய முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. அதுபோலவே, லயத்தைச் சொர்க்கமாக்கும் ஏக்கக் கட்டுரைகளும் உதவா. நீரும் கழிப்பிடமும் போதாத அந்த வரிசை வீடுகளை இளையோர் தாமே விரும்பித் துறந்தனர். பொருட்படுத்த வேண்டியது லயத்தின் சுவரை அன்று. லயம், பள்ளி, கோயில், திடல், கடை ஆகியவை ஒருவர் நடந்து செல்லும் தொலைவில் அமைந்திருந்த அந்த ஒழுங்கை. இன்று நெருக்கமான நகரம் என்று நகரமைப்பியல் கேட்பதும் ஏறத்தாழ அதுவே. அந்தக் கருவை இடித்துவிட்டு, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தாமானை எழுப்பி, அங்கிருந்து எல்லாவற்றுக்கும் மோட்டார் சைக்கிளில் செல்லவைப்பதுதான் பரவல்.

ஆசிரியர்கள் இதனை வேறு எவரையும்விட நன்கறிவர். மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ‘தோட்டம்’ இன்னும் நிற்கிறது: செனவாங் தோட்டம், லாபு தோட்டம், கெர்பி தோட்டம், பிராட்வால் தோட்டம். செனவாங்கில் தோட்டம் எங்கே என்று இன்று ஒரு மாணவன் கேட்டால் தொழிற்சாலைகளைத்தான் காட்டவேண்டியிருக்கும். புதிய வீடமைப்பு வரைபடத்தில் தொடக்கப்பள்ளி என ஒரு மனை குறிக்கப்படும். அது எம்மொழிப் பள்ளி என்பது வேறோர் அலுவலகத்தில் முடிவாகும். பழைய பள்ளி பழைய இடத்தில், பிள்ளைகள் புதிய இடத்தில், நடுவே மாதந்தோறும் பேருந்துக் கட்டணம். மாணவர் குறைவு என்னும் புள்ளிவிவரத்தைப் பெற்றோரின் மொழிப்பற்றின் அளவுகோலாக மட்டும் படிப்பது பிழை. அதில் ஒரு பகுதி நிலத் திட்டத்தின் விளைவு.

வட்டாரத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் வாரங்களில் எழுத்துமூலம் மறுப்புரைக்க உடைமையாளராக இருக்கவேண்டியதில்லை. பள்ளி மேலாளர் வாரியம் எழுதலாம். கோயில் நிருவாகம் எழுதலாம். ஓர் ஆசிரியரும் எழுதலாம். அத்தகைய மடலுடன் இணைக்கவேண்டியது ஒரு வரைபடம்: லயம் எங்கிருந்தது, எத்தனை குடும்பம் இன்னும் உள்ளது, பள்ளியிலிருந்து அடுத்த இரயில் நிலையம் எத்தனை கிலோமீட்டர், புதிய வீடுகள் எந்த இடத்தில் அமைந்தால் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கு வரமுடியும். இதனைத் தயாரிக்கும் திறன் ஐந்தாம் ஆண்டு மாணவருக்கும் உண்டு. இத்துறையின் மாணவர்கள் தங்கள் களப்பணிகளில் இதுவரை சேகரித்த தோட்டப்புறச் செய்திகளும் அந்த வரைபடத்தில் இடம்பெறலாம்.