தடையா? விடையா?

அம்பத்தூரிலே நம் தோழர்கள் நடத்திவரும் படிப்பு வட்டத்திற்குச் சென்ற கிழமை ஒரு துண்டு வெளியீடு வந்து சேர்ந்தது. பதினாறே பக்கம். பக்கந்தோறும் பெரியாரைப் பற்றிய பழிப்பு. அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் புரட்டு. படித்தவர் கொதித்தனர். தொழிற்பேட்டையில் வேலை முடித்து, கையிலே எண்ணெய்க் கறையோடு வந்தமர்ந்திருந்த தோழர் ஒருவர் எழுந்தார். "காவல் நிலையத்தில் மனுக் கொடுப்போம், இந்த வெளியீட்டைத் தடை செய்யச் சொல்வோம்" என்றார். பலர் கைதட்டினர்.

அப்போது மேசை மீது, அன்று படிப்பதற்கென எடுத்து வைத்திருந்த நூல் கிடந்தது. புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியம்! தடை என்றால் என்னவென்பதை அந்த நூலைக் கேட்டால் சொல்லும். தோழரின் சினம் நமக்குப் புரிகிறது. அவர் கேட்கும் மருந்துதான் நமக்கு அச்சமூட்டுகிறது. அந்த அச்சத்தின் காரணத்தை விளக்கவே இக்கட்டுரை.

இராவண காவியம் 1946-இல் வெளிவந்தது. ஐந்து காண்டம், 57 படலம், 3,100 பாடல். கடல் கொண்ட தென்னாட்டையும் ஐவகை நிலத்தையும் பாடித் தொடங்கும் காவியம் அது. இராவணனைத் தமிழ் வேந்தனாக நிறுத்தி, வேள்விக்கு வந்தவரை வஞ்சகராகக் காட்டி, பழைய கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. இரண்டே ஆண்டில், 1948-இல், அன்றைய சென்னை மாகாணக் காங்கிரசு அரசு அதற்குத் தடை விதித்தது. வெள்ளையன் வெளியேறி ஓராண்டு! உரிமைக் கொடியின் சாயம் உலருமுன் ஒரு புலவனின் ஓலைக்குப் பூட்டு! 1971-இலேதான், கலைஞர் ஆட்சியில், அத்தடை நீங்கியது. இருபத்து மூன்று ஆண்டு அந்தக் காவியம் சிறையிருந்தது.

என்ன குற்றம் செய்தது அந்நூல்? கதையை மாற்றியதா? கதையை மாற்றுவது குற்றமெனில், முதற் குற்றவாளி கம்பனல்லவா! வான்மீகியின் இராவணன் சீதையைக் கூந்தலைப் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணனோ அவளைத் தீண்டாது, குடிலிருந்த நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் புதிதாகப் படைத்துச் சேர்த்தான். மறைந்து நின்று அம்பெய்த இராமனை நோக்கி, வீழ்ந்து கிடக்கும் வாலி தொடுக்கும் வினாக்களுக்குக் கம்பன் எவ்வளவு இடந்தந்தான்! அதற்காக எந்தச் சோழனும் அவன் ஏட்டைப் பறித்துச் சென்றதாகக் கேள்வியில்லை. மன்னராட்சியிலே கம்பனுக்குக் கிடைத்த உரிமை, மக்களாட்சியிலே குழந்தைக்கு ஏன் கிடைக்கவில்லை? கம்பன் மாற்றியது பக்தியை வளர்க்க. குழந்தை மாற்றியது பகுத்தறிவை வளர்க்க. மாற்றம் குற்றமன்று, மாற்றத்தின் நோக்கமே அவர்களுக்குக் குற்றமாகப் பட்டது!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுவோம். நாம் போற்றும் இராவண காவியத்திலே குறையே இல்லையா? உண்டு. குழந்தையின் இராவணன் மாசற்றவன். ஆகவே அவனுக்குள்ளே போராட்டம் குறைவு. கம்பனின் இராவணனோ பிழை செய்தவன். பிழையென்று தெரிந்தும் பின்வாங்க மறுத்தவன். அதனாலேயே அவன் வீழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. எதிராளியின் நாயகனைத் தெய்வ நிலையினின்று இறக்கிய புலவர், தம் நாயகனை அதே பீடத்தில் ஏற்றிவிட்டாரோ என்று நம் வட்டத்திலே ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி! 1950-இலோ 1960-இலோ அந்தக் கேள்வியை எந்த மேடையில் கேட்டிருக்க முடியும்? கையிலே நூல் இல்லை, இருந்தால் குற்றம். போற்றுவாரும் போற்ற முடியாமல், தூற்றுவாரும் தூற்ற முடியாமல் இருபத்து மூன்று ஆண்டு. நூலைத் தடை செய்கிற அரசு, அதன் ஆசிரியனை மட்டும் ஒறுக்கவில்லை. அதைத் திறனாய்கிற உரிமையைப் பகைவனிடமிருந்தும் பறிக்கிறது. மறுக்க வேண்டியவனின் வாயையும் மூடிவிட்டு, மதத்தைக் காத்துவிட்டதாக மார்தட்டுகிறது!

மறுப்பதற்கு வழியா இல்லை? 1943-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணா முழங்கிய காலம். அந்த முழக்கத்தைக் கேட்டுக் கம்பன் அன்பர்கள் நெஞ்சு புண்படவில்லையா? பட்டது. ஆயினும் சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை காவல் நிலையத்தை நாடவில்லை. சென்னைச் சட்டக் கல்லூரி மேடைக்கு வந்தார். நாவலர் சோமசுந்தர பாரதியார் சேலத்து மேடைக்கு வந்தார். சொல்லுக்குச் சொல் நின்றது, மக்கள் கேட்டனர், எடை போட்டனர். அந்தச் சொற்போர்களே 'தீ பரவட்டும்' என்ற நூலாக இன்றும் நம் கையில் இருக்கின்றன. தாம் போற்றிய காப்பியத்துக்குப் பெருமை தேடித்தந்தவர்கள் அந்த மேடையேறிய அறிஞர்களே. தம் கடவுளுக்குப் பேசத் தெரியாது, காவலர்தாம் வந்து காக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் அதன் பெருமையைக் குறைக்கிறவர்கள்.

சேதுப்பிள்ளையின் பண்பு ஆட்சியாளருக்கு வாய்க்கவில்லை. 'ஆரிய மாயை' நூலுக்காக 1950-இல் அண்ணா சிறையேகினார். எம்.ஆர். இராதா இராமாயணத்தை நாடகமாக்கியபோது, அவரைக் கட்டிப்போட 1954-இல் நாடகத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது.

வடக்கே நடந்ததையும் காண்போம். பெரியாரின் 'இராமாயணப் பாத்திரங்கள்' ஆங்கிலத்திலே வந்து, பின்னர் இந்தியிலே 'சச்சி இராமாயண்' என்று வந்தது. 1968-இல் அதனை வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். மறு ஆண்டே உத்தரப் பிரதேச அரசு நூலைப் பறிமுதல் செய்தது. அவர் அஞ்சவில்லை, வழக்குத் தொடுத்தார். 1971-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் பறிமுதல் ஆணையை இரத்துச் செய்தது. அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. 1976 செப்டம்பரில், நெருக்கடி நிலையின் இருட்டிலே, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளினார். கலிலியோ, டார்வின் முதலானோரும் எதிர்ப்புக்கு ஆளானவரே என்று அத்தீர்ப்பு நினைவூட்டியது.

வெற்றிதான். கொண்டாடினோம், கொண்டாடத்தக்கது. ஆயினும் அந்த வெற்றி எதன்மேல் நின்றது? நூலைப் பறிமுதல் செய்வதற்கான காரணங்களை அரசு தன் ஆணையிலே எடுத்துரைக்கவில்லை. சட்டமோ எடுத்துரைக்கச் சொல்கிறது. ஆகவே ஆணை செல்லாது. தீர்ப்பின் அடித்தளம் அவ்வளவே. கடவுளரைக் குறை கூறும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று அது அறுதியிட்டுக் கூறிவிடவில்லை. ஒழுங்காகக் காரணம் எழுதத் தெரிந்த அதிகாரி ஒருவர் நாளை வந்தால்? கதவு பூட்டப்படவில்லை, சாத்தி மட்டுமே வைக்கப்பட்டது.

அந்தக் கதவின் பெயர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவு. 1927-இல் வெள்ளையராட்சி அதனைச் சேர்த்தது. மத உணர்ச்சியை வேண்டுமென்றே புண்படுத்துவோருக்குத் தண்டனை. வெள்ளையன் போனான், பிரிவு நின்றது. 2024-இல் புதிய சட்டத் தொகுப்பு வந்தபோது எண் மாறிற்று, பொருள் மாறவில்லை. அதே 295-ஏ பாகிஸ்தானுக்கும் சீதனமாகச் சென்றது. அங்கே மதமே ஆட்சியாயிற்று. சியா உல் ஹக் அந்தச் சிறு செடிக்கு நீர் ஊற்றினார். 295-பி, 295-சி என்று கிளைவிட்டது. 1986-இல் மரண தண்டனை வரை வளர்ந்தது. அச்சட்டத்தில் சிக்கிய ஓர் ஏழைக் கிறித்தவப் பெண்ணுக்காகப் பரிந்து பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர், 2011 ஜனவரியிலே தம் மெய்க்காவலனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புரூனோவை 1600-இல் எரித்த உரோமாபுரி நெருப்பு அணைந்ததென்று யார் சொன்னது?

'சாத்தானின் கவிதைகள்' நூலை எழுதிய சல்மான் ருஷ்டிக்கு ஈரானின் கொமேனி கொலை ஆணை பிறப்பித்தது 1989 பிப்ரவரியில். ஆனால் அந்நூலை இறக்குமதி செய்யக் கூடாதென்று இந்திய அரசு தடுத்தது எப்போது? 1988 அக்டோபரில்! மதச்சார்பற்ற அரசு முதலிலே கதவைச் சாத்தியது. மதவெறி அரசு பின்னாலே கத்தியைத் தீட்டியது. 2022-இல் அந்தக் கத்தி ருஷ்டியின் ஒரு கண்ணைப் பறித்தது. 2024-இல் டில்லி உயர்நீதிமன்றம் தடை அறிவிக்கையைக் கொண்டுவரச் சொன்னபோது, அதைக் காட்ட அதிகாரிகளால் இயலவில்லை! காகிதம் காணாமற் போனது. அச்சம் மட்டும் முப்பத்தாறு ஆண்டு காவல் காத்தது.

பிறரைச் சொல்லி முடித்துவிட்டால் நமக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பகுத்தறிவு கைதட்டலுக்கு மயங்கக் கூடாது. இராவண காவியத்தின் தடையை நீக்கிய அதே 1971-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே என்ன நடந்தது? சேலம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தின் படங்களை வெளியிட்ட 'துக்ளக்' இதழின் படிகளைக் காவல்துறை பறிமுதல் செய்தது. நம் ஆட்சிதான். நம்மைத் தாக்கிய ஏடுதான். ஆயினும், நம் ஊர்வலத்தின் படத்தைக் கண்டு நாம் ஏன் அஞ்ச வேண்டும்? செய்தது சரியெனில் நெஞ்சுயர்த்தி விளக்கியிருக்கலாம், தவறெனில் திருத்திக்கொண்டிருக்கலாம். ஒரு கையால் பூட்டைத் திறந்து மறு கையால் பூட்டு மாட்டினோம். அந்த இதழ் அதனால் குறைந்ததா? விளம்பரம் பெற்று வளர்ந்தது!

மனு எழுதத் துடிக்கும் தோழருக்கு ஒரு வழியையும் காட்டுவோம். ஆவடியிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் பூந்தமல்லி. அங்கேயுள்ள தனி நீதிமன்றத்துக்குத்தான், பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்திலே 2002 ஜூலையில் கைதான வைகோ கொண்டுவரப்பட்டார். வெடிகுண்டு வைத்தாரா? இல்லை, பொதுக்கூட்டத்தில் பேசினார். பத்தொன்பது மாதம் சிறை. குண்டு வைப்போனுக்கென்று வடிக்கப்பட்ட வாள், பேசியவன் கழுத்தைத் தேடி வந்தது. அதிகாரத்தின் கையில் நாம் கொடுக்கும் வாள் யாருக்காக வடிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை.

ஒரு தெருவைக் கொளுத்து, ஒரு கூட்டத்தாரை வெட்டு என்று ஏவும் பேச்சுக்கும் இதே இடமா என்று கேட்பீர்கள். அன்று. அது கருத்தன்று, கொலைக்கு அழைப்பு. உயிரைக் காப்பது அரசின் கடமை. ஆனால் பெரியாரைப் பழிப்பது உயிரைப் பறிப்பதன்று. செருப்பு வீச்சையும் சிரித்தபடி ஏற்ற அந்தக் கிழவருக்கு ஒரு பதினாறு பக்கத் தாளா காயம் உண்டாக்கும்?

ஆகவே நம் வட்டம் முடிவு செய்தது. மனு இல்லை. அடுத்த ஞாயிறு கூட்டம். அத்துண்டு வெளியீடு முழுவதும் ஒரு வரி விடாமல் அவையிலே படிக்கப்படும். ஒவ்வொரு புரட்டுக்கும் ஏடும் பக்கமும் காட்டி விடை சொல்லப்படும். எழுதியவருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம். வந்தால் அவருக்கும் நமக்குள்ள அதே நேரம், அதே ஒலிபெருக்கி. மனு எழுதுவோம் என்ற தோழரே அவருக்கு விடையளிக்கும் பொறுப்பை ஏற்றார். இப்போது இரவெல்லாம் குடி அரசுத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்!

விடை இல்லாதவன் தடை கேட்பான். நம்மிடம் விடை இருக்கிறது, தோழர்களே. தடை நமக்கு எதற்கு?