ரமலானும் ரம்ஜானும்: வடசென்னை வழக்கில் ஒலியொப்புமையும் சொல்வரவும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிப் பேச்சில் வழங்கும் பேஜார், ஆஜர், ராஜி முதலியவற்றை 'உருதுச் சொற்கள்' என ஒரே பெயரிட்டு நிறுத்திவிடுவது சென்னைத் தமிழ் பற்றிய எழுத்துகளில் பெருவழக்கு. அப்பெயர் அண்மையில் கொடுத்த மொழியைச் சுட்டலாம். சொல்லின் பிறப்பைச் சுட்டாது. இம்மூன்றும் உருதில் உள்ளவாறே, ஏறத்தாழ அதே ஒலியுடன், குர்திய மொழியிலும் உள்ளன. ஆயினும் அவ்விரு மொழிகளுள் ஒன்று மற்றொன்றுக்கு இவற்றைக் கொடுத்ததில்லை. 'பேஜார்' ஈரானியக் கிளைச் சொல். பாரசீகத்தினின்று உருதுக்கு வந்தது. குர்தியமோ பாரசீகத்தோடு உறவுடைய ஈரானிய மொழி. எஞ்சிய இரண்டும் அரபுச் சொற்கள்.

அரபுச் சொற்கள் வந்த வழியை அவற்றின் ஒலியே காட்டுகிறது. ஆஜர், ராஜி ஆகியவற்றின் மூலத்தில் இருப்பது தமிழ் முஸ்லிம்கள் 'ளாத்' என்னும் எழுத்து. பாரசீகரும் உருது பேசுவோரும் அதனை அதிர்வுடைய சகரமாக ஒலிப்பர். அவ்வொலி தமிழில் ஜகரமாவது ஜமீன், பஜார் போன்ற பாரசீகச் சொற்களாலும் உறுதிப்படும். அரபை நேராக ஓதிப் பயின்ற தமிழ் முஸ்லிம் மரபோ அதே எழுத்தை லகரமாகவும் ளகரமாகவும் கொண்டது: ரமலான், வுளூ, பர்ளு. எனவே ரமலானும் ரம்ஜானும் ஒரே சொல்லின் இரு வரவுகள். தமிழும் உருதும் பேசும் முஸ்லிம்கள் அருகருகே வாழும் வடசென்னையில் இரண்டும் இன்றும் செவிப்படுகின்றன.

இதனால், 'ஆஜர்' துறைமுகத்தில் இறங்கிய அரபு வணிகர் விட்டுச்சென்ற சொல் என்னும் இனிய கற்பனைக்கு இடமில்லை. கடல்வழி நேராக வந்திருப்பின் அதில் ஜகரத்தை எதிர்பார்க்க முடியாது. ராஜி, ஜில்லா, ஆஜர் ஆகியவை வழக்குமன்றச் சொற்கள். ஆர்க்காட்டு நவாபு ஆட்சியின் எழுத்துமொழி பாரசீகம் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 'பேஜார்' மட்டும் அலுவலக வாடையற்றது. அது தெருவில் கேட்ட உருதினின்று வந்திருத்தல் கூடும். அதனை ஜகரத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது.

பதிற்றுப்பத்தில் வரும் 'பந்தர்' என்னும் ஊர்ப்பெயரைத் துறைமுகம் எனப் பொருள்படும் பாரசீக 'பந்தர்' உடன் இணைக்கும் கருத்துக்கும் இதே சோதனை வேண்டும். குர்தியத்திலும் உருதிலும் அச்சொல் உண்டு என்பது சான்றாகாது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. தமிழிலோ பந்தல்–பந்தர் என்னும் திரிபு, சாம்பல்–சாம்பர் போல, இயல்பானது. முழு ஒப்புமை கொண்ட இந்த ஒற்றைச் சொல்லைவிட, ஒப்புமை குறைந்த ரமலானும் வுளூவும் வலிய சான்றுகள். அவற்றில் ஒலிமாற்றம் முறைப்படி மீள்கிறது.