புறம்போக்கு என்னும் சொல்லும் ஒரு பாடலும்

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு மன்னன் விரும்பிய வரலாற்றை நாம் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கின்றோம். மன்னன் விலை பேசுகின்றான். அதனினும் நல்ல தோட்டம் தருவதாகவும் சொல்கின்றான். மூதாதையர் வழிவந்த நிலம் என்று நாபோத்து மறுத்துவிடுகின்றான். அதற்காக உயிரையும் இழக்கின்றான். எண்ணூர் உப்பங்கழியை நினைக்கும்போதெல்லாம் ஒரு வேறுபாடு என் கண்ணில் படுகின்றது. நாபோத்தின் தோட்டம் அவனுடையது என்பதை மன்னனே ஒப்புக்கொண்டான். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் தலைமுறை தலைமுறையாக இறாலும் நண்டும் பிடித்து வாழும் மக்களுக்கோ பட்டா இல்லை. வருவாய்த்துறைக் கணக்கில் அவர்களது கழி புறம்போக்கு. ஆகவே விலை பேசவும் அங்கே எவரும் வரவில்லை.

இச்சொல்லையே பொருளாகக் கொண்டு 2017ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளிவந்தது ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுத, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசை அமைக்க, கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா பாடினார். உப்பங்கழியின் கரையிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் முன்னிலையிலும் அதனைப் படமாக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். வெளிவந்த நாளில் இதனைப் புதுமை என்று பலர் கொண்டாடினர். கொண்டாட்டம் ஓய்ந்துவிட்ட இந்நாளில் அதனை நிதானமாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

வரி தராத நிலம், அதாவது தனியார் எவருக்கும் உரியதாகாத பொதுநிலம், வருவாய்க் கணக்கிற்குப் புறம்பே வைக்கப்பட்டது. மேய்ச்சல் வெளி, ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, சுடுகாடு அனைத்தும் இவ்வகையின. ஊருக்கெல்லாம் உரியது என்று பொருள்பட வேண்டிய சொல், நாளடைவில் எதற்கும் உதவாதது என்றாகி, இறுதியில் மனிதரைத் திட்டும் வசையாகவே தாழ்ந்துபோயிற்று. சொல் இழிந்தபின் நிலத்தைக் கைக்கொள்வது எளிதாயிற்று. பாடல் இந்த இழிவை முதலில் துடைக்கின்றது. பின்னர் பாடுபவரும் கேட்பவரும் தம்மையே அச்சொல்லால் அழைத்துக்கொள்ளும் நிலைக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. அதன் பெருவெற்றி இதுவே எனலாம்.

மற்றொரு வெற்றி இசையில் உள்ளது. ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி எனத் தெய்வத் துதிக்கெனப் போற்றப்பட்ட இராகங்களில் சென்னைத் தெருவின் பேச்சுமொழி வந்து அமர்கின்றது. அமர்ந்தபின் அங்கே அது அந்நியமாகத் தோன்றவில்லை. முன்சீப்பாக இருந்துகொண்டே கையூட்டைக் கடிந்து பாடிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தந்த சமூகம் நாம். செய்யுளும் இசையும் ஊர் வழக்கைப் பேசலாகாது என்று நாம் சொல்ல இயலாது.

ஆயினும் குறைகள் உள்ளன. பாடலின் கண் கழியோடும் நகரத்தோடும் நின்றுவிடுகின்றது. கழியைத் தூர்க்கும் சாம்பல் அங்கே பிறந்ததன்று. ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கங்களில் தோண்டப்படும் நிலக்கரி பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலேறி எண்ணூருக்கு வருகின்றது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையத்தில் அதனை எரித்தபின், எஞ்சும் சாம்பலை நீரோடு கலந்து குழாய்கள் வழியே ஆற்றைக் கடந்து செப்பாக்கத்துச் சாம்பல் குளத்திற்குச் செலுத்தினர். குழாய்கள் வெடித்துக் கசிந்தன. ஆழமாயிருந்த நீர்ப்பரப்பு மேடாயிற்று. ஓரிடத்தில் மலையும் காடும் குடையப்பட, அதன் கழிவு மற்றோரிடத்து ஆற்றில் வந்து படிகின்றது. இவ்விரு மக்களின் துயரும் ஒரே துயரின் இரு முனைகள் அன்றோ?

அதே ஒடிசாவில் நியமகிரி மலை இருக்கின்றது. அங்கே பாக்சைட் சுரங்கம் அமைக்க முயன்றபோது, மலையையே தம் தெய்வமாகப் போற்றும் டோங்ரியா கோந்து மக்கள் எதிர்த்து நின்றனர். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவை கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. பழங்குடி மக்களுக்கு நிலம் விற்பனைப் பொருளன்று, இறைவனும் முன்னோரும் அளித்த கொடை என்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுத் திருமடலில் நினைவூட்டினார். நியமகிரியில் அது நீதிமன்றத்தின் காதிலும் விழுந்தது. எண்ணூரிலோ காட்டுக்குப்பத்தையும் முகத்துவாரக்குப்பத்தையும் கூட்டி வைத்து எவரும் அவ்வாறு கேட்கவில்லை. தெய்வத்தின் பெயர் சூட்டப்படாத சேற்று நிலத்தை எப்பெயரால் காப்பது? இக்கேள்விக்குப் பாடல் தரும் விடை ‘பொது’ என்பது. நல்ல விடைதான், ஆனால் போதாது என்று எனக்குத் தோன்றுகின்றது.

ஏனெனில் புறம்போக்கு என்பது, எவ்வளவு துலக்கினாலும், கணக்குப்பிள்ளையின் சொல். நீரில் இறங்குகிறவர்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. மகிமை மாதா திருத்தலத்தால் நாம் நன்கறிந்த பழவேற்காட்டில், ஏரியின் எப்பகுதியில் யார் எந்நாள் வலையிடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டிற்குப் ‘பாடு’ என்று பெயர். அப்பெயரில் உரிமையும் உண்டு, வரம்பும் உண்டு, அடுத்தவர் பங்கும் உண்டு. இவ்வறிவு பாடலுக்குள் வரவில்லை. முழுவதையும் ஒரே குரல் பாடுகின்றது. அது கழியில் இறங்கிய குரலன்று. இடுப்பளவு நீரில் அமிழ்ந்து கையால் இறால் தடவும் பெண் ஒருத்தி ஒரு சரணமேனும் பாடியிருக்கலாம்.

பாடகர் மீது பழி சுமத்த இதனைச் சொல்லவில்லை. பாடல் வந்த இரு வாரங்களுக்குள், 2017 ஜனவரி 28 அன்று, எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படர்ந்தது. அதனை வாளிகளால் அள்ளிய காட்சியை நாடே கண்டது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் வந்தது; அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர். இடையே, 2022இல், மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிக் கழியை மீட்கப் பணித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவரும், நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் இன்னும் பாடவில்லை. மீனவரான இராயப்பரின் பெயரைத் தாங்கும் இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள நம் பங்குகளின் இளைஞர் மன்றங்கள் கலைவிழாக்களுக்குப் பாடல் தேடி அலைவதை நான் பார்த்திருக்கின்றேன். குப்பத்துத் திண்ணைகளில் போய் உட்கார்ந்து அவர்கள் எழுதி வந்தால், அதில் புறம்போக்கு என்னும் சொல் வராமலே போகலாம். ‘பாடு’ வரும். தவக்காலத்தில் வேறொரு பொருளில் நாம் உச்சரித்துப் பழகிய சொல் அது.