மெத்தை மேல் ஒரு மலை

பீரோவில் இருக்கும் துணி முழுவதையும் எடுத்து ஒரே இடத்தில் குவியுங்கள் என்கிறார், வீட்டை ஒழிக்க முறை சொல்லித்தரும் ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோ. போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மெத்தை மேல் கொட்டினேன். நைட்டி மட்டும் பதினேழு. கறுப்புத் துப்பட்டா மூன்று: ஒன்றைக் காணோம் என்று இன்னொன்று, அதையும் காணோம் என்று மூன்றாவது. மூன்றும் ஒரே தட்டின் அடியில்தான் கிடந்தன.

அவருடைய முறையின் பலமே இந்த மலைதான். நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வைத்துவிடுகிறது. அறை அறையாக ஒழிக்காமல் இனம் இனமாக ஒழிக்கச் சொல்கிறார்: துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில்தான் நினைவுப் பொருள். நாம் பரணில் ஏறியதும் முதலில் கல்யாண ஆல்பத்தைப் பிரிப்போம். அன்றைய வேலை அதோடு சரி.

கழிக்கும் பொருளுக்கு நன்றி சொல்லச் சொல்வதைக் கேட்டுப் பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவியாக இருந்தபோது அவர் ஷின்டோ கோயிலில் ஊழியம் செய்தவர். உடைந்த, தேய்ந்த ஊசிகளை மெத்தென்ற டோஃபுவில் குத்தி, இத்தனை நாள் உழைத்ததற்காக வணங்கி விடைகொடுக்கும் சடங்கு அந்த நாட்டில் உண்டு. டோக்கியோ பக்கம் அது பிப்ரவரி 8ஆம் தேதி நடக்கும். நாமும் பொருளுக்குப் பொட்டு வைப்பவர்கள்தான். ஆனால் ஆயுத பூஜைப் பொட்டு உழைத்துக்கொண்டிருக்கும் அரிவாள்மனைக்கு. உழைத்து ஓய்ந்ததற்குப் போகி நெருப்பு, இல்லாவிட்டால் பரண். விடைகொடுக்கத் தெரியாமல்தான் மாமனாரின் மூக்குக் கண்ணாடியைப் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன். அன்று நன்றி சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி போகவில்லை; அதன் கூடு மட்டும் போயிற்று.

முறை சறுக்குவது அது கேட்கும் கேள்வியில். பொருளைக் கையில் எடுத்து, நெஞ்சு துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஜப்பானிய மொழியில் 'தொகிமெகு'. புடவைக்குச் சரி. குக்கர் வெயிட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னவென்று கேட்பது? பிடிக்கவில்லை என்று ஸ்க்ரூடிரைவரைக் கழித்துவிட்டு, ஸ்கேலால் திருகப் போய் அது உடைந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். கழித்ததை மறுபடி வாங்கக் காசு இருப்பவர்களுக்கே இந்தக் கேள்வி தோதுப்படும். போதாக்குறைக்கு 2019 நவம்பரில் அவரே இணையக் கடை திறந்தார். இசைக்கவையும் படிகக் கல்லும் சேர்ந்து 75 டாலர்! ஒழித்த இடத்தில் வைக்க ஒரு கல்.

இதைவிடப் பெரிய குறை, ஒரு தடவை முறையாக ஒழித்துவிட்டால் வீடு மறுபடி கலையாது என்ற வாக்குறுதி. 2023 ஜனவரியில், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, வீட்டை ஒழுங்காக வைப்பதைத் தான் ஓரளவு விட்டுவிட்டதாக அவரே சொன்னார். ஊர் உலகம் கேலி செய்தது. என் கணக்கில் அன்றுதான் அவர் உயர்ந்தார். ஆள் புழங்கும் வீடு கலையத்தான் செய்யும். அதற்கு மருந்து தினசரிப் பழக்கம்தான். என் அம்மாவுக்கு எந்த முறையும் தெரியாது. ராத்திரி அடுப்பு மேடையைத் துடைத்து, தோசைக்கல்லைச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் படுப்பாள். விடிந்ததும் காபி போடப் போனால் காலி மேடை. அந்தச் சந்தோஷத்துக்கு நெஞ்சு துள்ள வேண்டியதில்லை. எரிச்சல் இல்லாமல் இருந்தாலே போதும்.

ஆனால் துடைத்தது அம்மா மட்டும்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் தம்பதியரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. வீடு அடைசலாகக் கிடக்கிறது, வேலை முடியவில்லை என்று விவரித்த மனைவியரிடம், பொழுது சாயச் சாயக் குறைய வேண்டிய, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் சுரப்பு சரிவரக் குறையவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லையாம். இது தெரியாமலா நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் விரிகிறது? ஒழுங்கைத் தனி மனுஷியின் மனப்பயிற்சியாக்கும் எந்த முறையும் இந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். கொட்டுவதானால் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில், காலையிலேயே கொட்டுங்கள். ராத்திரி படுக்க மெத்தை வேண்டுமென்றால் மடிக்க அவர்களும் வருவார்கள்.